கழற்றத் தெரிந்தவன்

ஐப்பசி மாத விடிகாலை. பிக்கப்பில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை பிடித்தது. வைப்பரைப் போட்டேன். நாலு தரம் ஆடிவிட்டு, கண்ணாடியின் நட்டநடுவில், ‘இனி உன் பாடு’ என்பதுபோல் நின்றுகொண்டது.

கூட வந்த அக்கா மகன் சணல் கயிற்றை எடுத்தான். “வைப்பர்ல கட்டி, ஆளுக்கொரு ஜன்னல் வழியா இழுப்போம் மாமா.” இழுத்தோம். கயிறு அறுந்தது. வைப்பர் மோட்டாருக்குள் இருப்பது வார்ம் கியர். மோட்டார் கம்பியை ஆட்டும், கம்பியைப் பிடித்து மோட்டாரை ஆட்ட முடியாது. கடைசியில் பெட்டிக்கடையில் புகையிலை வாங்கிக் கண்ணாடியில் தேய்த்து, வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அதற்குள் ஏலம் முடிந்திருந்தது.

அடுத்த வாரம் எஃப்.சி. காட்ட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 101-ஆம் விதி வைப்பருக்கென்றே இருக்கிறது. புகையிலையைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: “காம்பினேஷன் சுவிட்ச் போயிருச்சுண்ணே. கூலி நானூறு.”

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொம்பை மாற்ற நானூறா? வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. ஆரம்பம் முறையாகவே இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தேன், ஓடியது. ஆகவே சுவிட்ச்தான் குற்றவாளி. பேட்டரியில் நெகடிவ் கம்பியைக் கழற்றினேன். ஹார்ன் மூடியைக் கழற்றினேன். ஸ்டீயரிங் நட்டையும் கழற்றினேன். கழற்றக் கழற்ற எனக்கு என் மேலேயே மரியாதை கூடிக்கொண்டு போனது.

ஸ்டீயரிங் மட்டும் வரவில்லை. பல வருஷமாக அச்சின் பல்லோடு பல்லாகக் கடித்துக்கொண்டு கிடந்தது. காலை ஊன்றி, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, ஒரே இழுப்பு. வந்தது. வந்த வேகத்தில் என் மூக்கில் வந்து நின்றது. நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மரை விட்டு வைத்துத்தான் இழுக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூக்கு வழியாக ஏறிய பாடம் மறப்பதில்லை.

மஞ்சள் பற்றோடு வந்த மனைவியிடம் கொஞ்சம் கெத்தாக விளக்கினேன். “ஆஃப் பண்ணினா வைப்பர் உடனே நிக்கக் கூடாது. மோட்டாருக்குள்ள தனியா ஒரு காண்டாக்ட் இருக்கு. கண்ணாடிக்கு அடியில அதோட இடத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் கரண்ட் கொடுக்கும். நம்ம சுவிட்ச்ல ஓடுற லைனோட சேர்ந்து அந்த லைனும் போயிருச்சு. அதான் பாதியிலேயே நின்னுக்குது.”

பற்றைச் சற்று அழுத்தியே போட்டாள். “மார்க்கெட் முடிஞ்சா நேரா வீட்டுக்கு வராம டீக்கடையில நிக்கிறீங்களே, உங்களுக்கும் அந்த லைன்தான் போயிருக்கு.”

சுவிட்ச் கைக்கு வந்ததும் பேராசை பிடித்தது. உள்ளே செம்புத் தகடுகள் கருகியிருக்கும், உப்புத்தாளால் தேய்த்தால் புதுசு வாங்கவே வேண்டாமே! மூடியை நெம்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் என் சட்டையில் விழுந்தது. அதன் முனையில் இருந்த கடுகளவு இரும்புக் குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. கொம்பு ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று நிற்பதே அந்தக் குண்டால்தான். நானும் மாப்பிள்ளையும் ஒரு மணி நேரம் வாசலைத் துழாவினோம். கோழி ஒன்று எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது. நாங்களும் அதைச் சந்தேகமாகத்தான் பார்த்தோம்.

1903-இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் கரண்டும் கிடையாது, சுவிட்ச்சும் கிடையாது. வண்டிக்குள் உட்கார்ந்தபடி கைப்பிடியை ஆட்டினால் வெளியே துடைக்கும். அந்த அம்மாள் அதோடு விட்டது எவ்வளவு நல்ல காரியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புதுச் சுவிட்ச் 1,150 ரூபாய். கப்ளரைச் செருகினேன், ஸ்டீயரிங்கை மாட்டினேன், பேட்டரி இணைப்பைக் கொடுத்தேன். வைப்பர் ஆடியது. ஆஃப் செய்தேன். சமர்த்தாக அடியில் போய்ப் படுத்தது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சாலையில் இறக்கியபோதுதான் தெரிந்தது. வண்டி நேராகப் போகிறது; ஸ்டீயரிங் மட்டும் வலது பக்கம் திரும்பி நிற்கிறது. “நேராத்தான போறோம் மாமா? அப்பறம் ஏன் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க?” என்றான் மாப்பிள்ளை. பல் மாறி மாட்டியிருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் அதே எலக்ட்ரீஷியனிடம் போனேன். என் மூக்கைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முன்சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங்கைக் கழற்றிச் சரியான பல்லில் உட்கார வைத்தார். ஐந்தே நிமிஷம். “காசெல்லாம் வேண்டாம்ணே. கழட்டுறதுக்கு முன்னாடி குறி போட்டீங்களா?”

நானூறு கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆகவே வாசகர்களே, கழற்றுவது எல்லாருக்கும் வரும். இருந்தபடி மாட்டுவதுதான் தொழில். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் ஸ்டீயரிங்கைத் தொடவே தொடாதீர்கள். இல்லாத வண்டியென்றால், கழற்றுவதற்கு முன் அச்சிலும் ஸ்டீயரிங்கிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷ் போதும். கேட்டுவிட்டு எடுங்கள்.