ஏங்க, மீனை ஆட்டாதீங்க!

பணி ஓய்வு பெற்றவன் சொந்த ஊருக்குத் திரும்புவது உலக வழக்கம். பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து ராஜபாளையத்துக்கு நானும் அப்படித்தான் திரும்பப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆள் வந்து ஃப்ரிட்ஜ், பீரோ, கட்டில் என்று கணக்கெடுத்துக்கொண்டே வந்தவர், சோபாவில் படுத்திருந்த மேஜரைக் கண்டதும் பேனாவை மூடினார்.

"உயிருள்ளது எதையும் நாங்க ஏத்த மாட்டோம் சார்."

எங்கள் வீட்டில் உயிருள்ளவை: மேஜர் என்கிற ராஜபாளையம் நாய், இரண்டு பூனைகள், ஒரு கூண்டு லவ் பேர்ட்ஸ், தொட்டி மீன்கள், அப்புறம் நான். நாயை வாங்கிய மகள் டொராண்டோ போகும்போது அதை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். பூனைகள் மேம்பாலத்தின் கொடை. 2017-ல் தொடங்கிய இரண்டரை கிலோமீட்டர் ஈஜிபுரா மேம்பாலம் வருஷக்கணக்கில் வெறும் தூண்களாக நின்ற காலத்தில், அதனடியில் தடையில்லாமல் வளர்ந்தது பூனைக் குடும்பம் ஒன்றுதான். 2018-ல் மாநகராட்சி, ஃபிளாட்டுக்கு ஒரு நாய்தான் என்று விதி கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. என் மனைவி அந்த வாபஸைத் தனக்கென்று வந்த அரசாணையாக எடுத்துக்கொண்டாள்.

முதலில் ரயில் என்று யோசித்தேன். ரயில்வே விதிப்படி நாய்க்கு இரண்டே இடம்: கார்டு பெட்டியில் உள்ள கூண்டு, இல்லாவிட்டால் ஏசி முதல் வகுப்பில் நாமே முழுதாக எடுத்துக்கொள்ளும் கூபே. இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் இடமில்லை. அதாவது, நான் ஆயுள் முழுக்கப் பயணம் செய்த வகுப்பு ஒன்றுகூட மேஜருக்கு ஆகாது. அந்தக் கூபேயும் நமக்குத்தானா என்பது சார்ட் போட்டால்தான் தெரியும்.

"கூபே கிடைக்கலன்னா அவன்கூட நீங்க கார்டு பெட்டியில போயிடுவீங்கல்ல?" என்றாள் மனைவி.

வேன் பேசினோம்.

அடுத்தது டாக்டர். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி நாயும் பூனையும் பயணத்துக்குத் தகுதியானவை, தொற்றுநோய் இல்லாதவை என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். மூன்றும் தேறின. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னை டாக்டர் ஒருமுறை பார்த்தார். தன் எல்லைக்குள் வராத கேஸ் என்று விட்டுவிட்டார். நாய்க்கும் பூனைக்கும் கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது என்றார். மீன் கடைக்காரரோ முந்தின நாளே தீனியை நிறுத்தச் சொன்னார். பைக்குள் கழிவு சேர்ந்தால் அம்மோனியா மீனையே கொன்றுவிடுமாம். "உங்களுக்கும்தான் வேன்ல தலை சுத்தும்" என்று மனைவி என் இட்லியையும் நிறுத்தினாள்.

வீட்டுக்காரம்மா வழியனுப்பும் பரிசாகத் தன் பச்சைக்கிளியைக் கூண்டோடு நீட்டினார். நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆஸ்திரேலியப் பூர்வீகமுள்ள எங்கள் லவ் பேர்ட்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாட்டின் சட்டம் எதையும் நான் அவ்வளவு ஆசையோடு எடுத்துச் சொன்னதில்லை.

வேனில் ஜன்னலோர சீட் மேஜருக்கு. நடு சீட்டில் பூனைக் கூடைகள், துணி போர்த்திய லவ் பேர்ட்ஸ் கூண்டு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்ஸிஜனுமாகக் கட்டிய மீன் பைகள் குலுங்கக் கூடாது என்பதால், அவை என் மடியில். சில்க் போர்டு நெரிசலில் வேன் நகரவே இல்லை. மீன்களுக்கு அதைவிடச் சுகமான பயணம் வாய்க்காது. ஓசூர் தாண்டி வேகம் பிடித்ததும், "ஏங்க, மீனை ஆட்டாதீங்க!" என்ற குரல் தொடங்கியது. நான் ஆட்டவில்லை, தேசிய நெடுஞ்சாலை ஆட்டுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு பூனை வாந்தி எடுத்தது. துடைக்க என் துண்டுதான் கைக்குக் கிடைத்தது. நாமக்கல்லில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். மடியில் மீன் இருந்ததால் நான் இறங்கவில்லை. மேஜர் இறங்கினான். அவனுக்கு டிரைவர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

ராஜபாளையத்தில் நான் பிறந்த தெருவிலேயே வீடு. வேன் நின்றதும் திண்ணைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து மேஜரைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு. 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்த ஜாதி அல்லவா!

"அசல் நம்ம ஊர்ப் பய!" என்று அவன் முதுகைத் தட்டினார். அதுவரை ஓசூரைத் தாண்டியே அறியாதவன், வாலை ஆட்டி ஏற்றுக்கொண்டான்.

பிறகு, மீன் பைகளோடு இறங்கிய என்னைப் பார்த்துக் கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு?"