நகரி மலையிலிருந்து வரும் மேகம்

ஆவணி மாதம், மதியம் மூன்று மணி. கொரட்டூர் வீட்டு மொட்டைமாடியில் அக்கா மகன் போனை என் முன்னால் நீட்டினான். துறைமுகப் பக்கம் 2002 முதல் சுழலும் டாப்ளர் ராடாரின் படம். நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே ஒரு மஞ்சள் திட்டு, அதற்குள் சிவப்பு. "ஆறு மணிக்குள்ள இங்க வந்துடும் மாமா. நம்ம ஊர்லேர்ந்தே படம் எடுத்துடலாம்" என்றான்.

1988-இல் இதே மாடியில் மேகத்தின் வரவை எனக்குச் சொன்னது அம்மாவின் துணிக்கொடி. மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிடும். கொடியில் கிடக்கும் புடவைகள் மேற்குப் பார்த்து உப்பும். ஐந்து மணி வாக்கில் திடீரென்று எதுவும் அசையாது. புடவை நேராகத் தொங்கும். பிறகு மண்வாசனையோடு மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று அடிக்க, புடவை கிழக்கே திரும்பிவிடும். அம்மா துணி எடுக்க ஓடி வருவாள், நான் கேமரா எடுக்க ஓடுவேன். ஆவடிக்கு அப்பால் எங்கோ பெய்யும் மழையோடு தரைக்கு இறங்கி ஓடிவரும் குளிர்காற்று அது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சென்னையில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்வதில் பெரும்பங்கு அப்போதுதான் விழுகிறது. ஆனால் படம் எடுப்பவனுக்கு அந்த மேகம் அதிகம் கொடுப்பதில்லை. வானம் முழுக்க ஈயம் பூசிய மாதிரி ஒரே சாம்பலாக இருக்கும். ஆனி முதல் புரட்டாசி வரை வருவது வேறு ரகம். செய்தியில் 'வெப்பச்சலனம்' என்பார்களே, அது. வெயிலில் காய்ந்த நிலமும் நகரி, ஜவ்வாது மலைச்சரிவுகளும் சூடான காற்றை மேலே அனுப்ப, மதியத்தில் மேகம் கோபுரமாக எழும். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அதைச் சென்னைப் பக்கம் நகர்த்தும். எதிரே கடற்காற்று முட்டுகிற இடத்தில் அது இன்னும் கிளம்பும்.

கொரட்டூரில் மலை கிடையாது. ரயில் பாதை, ஹவுசிங் போர்டு வீடுகள், ஏரி, பாடிப் பக்கமிருந்து காற்றில் வந்த பிஸ்கட் வாசனை, அன்று இவைதான் ஊர். ஆனால் அந்த மேகத்தின் உச்சி 12, 15 கிலோமீட்டர் வரை போகும். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஐந்து தொட்டபெட்டாக்களை அடுக்கிய உயரம் ஏரிக்கு அந்தப்பக்கம் வந்து நிற்கும். உச்சியில் கொல்லன் பட்டறை அடைகல் போலத் தட்டையாக விரியும். இருபது வயதில் அதை முதன்முதலில் நின்று பார்த்தபோது, எங்கள் ஊருக்கு மலை இல்லை என்று இனிச் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

கேமரா, தெருமுனை ஸ்டூடியோ அண்ணன் இரவல் கொடுத்த பழைய யாஷிகா. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டிய இரட்டை லென்ஸ் கேமரா. அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். இடப்பக்கமிருந்து வரும் மேகம் வலப்பக்கமிருந்து வருவதாகக் காட்டும். ஒரு சுருளுக்கு 12 படம். ஊட்டியில் 1967 முதல் உற்பத்தி நடந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள். தூசில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் அந்தத் தொழிற்சாலையை மலைமேல் வைத்தார்கள். மலையில் பிறந்த சுருள் என் கையில் இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு ஒரு சுருள். ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும் முன்பும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

"சிவப்புக் கண்ணாடி போடு, வானம் கறுக்கும்" என்றார் அண்ணன். 1927-இல் ஆன்சல் ஆடம்ஸ் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது அடர்சிவப்பு ஃபில்டர் போட்டுத்தான் வானத்தைக் கறுப்பாக்கினார் என்று ஒரு பழைய பத்திரிகையில் காட்டினார். போட்டுப் பார்த்தேன். கோபுரத்தைச் சுற்றி நீலம் இருக்கிறபோது அற்புதமாக வேலை செய்தது. வானம் முழுக்கச் சாம்பலானதும் ஒன்றும் செய்யவில்லை. சிவப்பு அடக்குவது நீலத்தைத்தான், சாம்பலை அல்ல. எட்டு மடங்கு வெளிச்சமும் அது கேட்கும். இருட்டிக்கொண்டு வரும் மாலையில் கேமராவைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஆடியில் ஒருநாள், மேகம் பிறக்கிற இடத்தையே பார்த்துவிட வேண்டும் என்று அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு ரயில் ஏறினேன். முருகன் கோயில் மலையின் 365 படிகளையும் ஏறி வடக்கே திரும்பினால் நகரி மலை. மூக்கு போல நீண்ட முகடு. நகரி மூக்கு என்றே அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் சென்னைக் கரை தேடி வரும் கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளமாம். ஒரு மணிக்கு அதன் மேல் பஞ்சு மாதிரி ஒரு துணுக்கு. இரண்டு மணிக்குப் பூக்கோசு. மூன்று மணிக்கு மலையின் பாதி கறுத்துவிட்டது. மீதிப் பாதியில் பாறைகள் வெயிலில் பொன்னாக நின்றன. முதல் இடி கேட்டபோது என் பக்கத்தில் நின்ற பூக்காரப் பாட்டி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "போப்பா, ராத்திரி உங்க மெட்ராசுக்கு வரும்" என்றாள். 12 படமும் அங்கேயே தீர்ந்தன.

இரவு எட்டு மணிக்குக் கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கும்போது கொட்டிக்கொண்டிருந்தது. தனி ஒரு இடிமேகத்தின் ஆயுள் ஒரு மணி நேரம் போலத்தான். அது விடுகிற குளிர்காற்று தரையில் ஓடி அடுத்ததைக் கிளப்பும். ஆக, என் மேல் பெய்தது நான் மலையில் பார்த்த மேகத்தின் பிள்ளையோ பேரனோ. சுருளைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வீடுவரை நனைந்து நடந்தேன்.

அந்தச் சுருளை நான்தான் கெடுத்தேன். டி-76 என்ற டெவலப்பரை வீட்டிலேயே கலப்போம். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. 20 டிகிரியில் வைத்துக் கழுவ வேண்டும். எங்கள் குழாயிலோ இரவிலும் 30 டிகிரித் தண்ணீர். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, டேங்க்கைச் சுற்றி அடுக்கி, டெவலப்பரை ஒழுங்காக 20-க்குக் கொண்டுவந்தேன். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ முடிந்த அவசரத்தில் அப்படியே குழாயைத் திறந்து கழுவிவிட்டேன். குளிரிலிருந்து சூட்டுக்குத் திடீரென்று போனால் ஃபிலிமின் ஜெலட்டின் சுருக்கம் விழுந்து வெடிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நகரி மூக்கின் மேல் நின்ற அத்தனை மேகமும் கோடையில் காய்ந்த ஏரிப்படுகை மாதிரிப் பாளம் பாளமாக இருந்தது. 12-இல் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கடுத்த மாதம் கொரட்டூர் ஏரிக்கரையில் எடுத்ததுதான் இன்று கூடத்துச் சுவரில் இருக்கிறது. கறுத்த மேகம், அதன் முன்னால் ஒரு வரிசைக் கொக்கு, கீழே ஈயமாகத் தண்ணீர். ஸ்டூடியோ கதவை மூடிய பிறகு சிவப்பு விளக்கில் மூன்று இரவுகள் அதை பிரிண்ட் போட்டோம். தண்ணீருக்கு 12 விநாடி. பிறகு நடுவில் துளையிட்ட அட்டையை என்லார்ஜருக்குக் கீழே பிடித்து, நிற்காமல் ஆட்டிக்கொண்டே, மேகத்துக்கு மட்டும் இன்னும் 20 விநாடி. அட்டை ஒரு நொடி நின்றாலும் அதன் விளிம்பு காகிதத்தில் வளையமாக விழும். அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இவ்ளோ கறுப்பாவா இருந்துச்சு?" படம் எடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். கண்ணை மூடி அந்த மாலையை மறுபடி வரவழைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். "இல்லண்ணே, கொக்குக்குப் பின்னாடிதான் அவ்ளோ."

இப்போது எல்லாம் தலைகீழ். நெகட்டிவில் இருட்டு காலியாகப் போனால் திரும்ப வராது; வெளிச்சம் கெட்டியாக விழுந்தாலும் பிரிண்டில் இறக்கிக்கொள்ளலாம். அதனால் அன்று தண்ணீருக்காக வெளிச்சம் கொடுத்தேன். டிஜிட்டலில் வெள்ளை ஒருமுறை வெடித்தால் போனதுதான். இருட்டுக்குள்ளிருந்து எவ்வளவோ மீட்கலாம். அதனால் இன்று மேகத்துக்காக வெளிச்சத்தைக் குறைக்கிறேன். அன்று 12 படமும் எல்லையில்லாத வானமும் இருந்தன. இன்று படத்துக்குக் கணக்கில்லை. மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் இரண்டு அடுக்ககங்களுக்கு நடுவே ஒரு கதவகல வானம். ஏரியும் சாக்கடை கலந்து நுரைத்து, ஊர்க்காரர்கள் திரண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டிவந்தது. இன்னும் கொக்கு வருகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

ஐந்தரை மணிக்குப் புடவைகள் தொங்கின. மருமகன் ஏரிக்கரைக்கு ஓடினான், நானும் பின்னாலேயே. அரை மணி நேரத்தில் இருநூறு படம் எடுத்திருப்பான். நனைந்தபடி வீடு திரும்பித் தலை துவட்டும்போதே லேப்டாப்பைத் திறந்துவிட்டான். ஃபோட்டோஷாப்பில் வானத்தையே மாற்றும் வசதி 2020-இல் வந்தது. அவனுக்கு அது பழைய சங்கதி.

"மாமா, நீங்க அழுதேன்னு சொன்னீங்களே, அந்த மாதிரி ஒரு மலையைப் பின்னாடி சேர்த்துடவா? ரெண்டு நிமிஷம்தான்."

அன்பாகத்தான் கேட்டான். அந்த மலையின் பாதியில் வெயில் இருந்ததும், பாட்டி கூடையைத் தூக்கியதும் எந்தப் படத்திலும் இல்லை. அவை என்னிடம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"வேணாம்டா. மேகத்தை மட்டும் கொஞ்சம் இறக்கு."

அவன் ஸ்லைடரை இழுத்தான். மேகம் தார் போலக் கறுத்தது. சுவரில் இருந்த படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவ்ளோ கறுப்பாவா மாமா இருந்துச்சு?"

கண்ணை மூடினேன். "இல்ல, பாதிக்குக் கொண்டுவா. கொக்குக்குப் பின்னாடி மட்டும் விட்டுடு."