ஆத்தூர் ஜங்ஷன்

சேலம் மாவட்டத்து ஆத்தூருக்கு ரயில் நிலையம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூருக்கு இல்லை. ரயில் பார்க்க அம்பாத்துரைக்கோ கோடை ரோட்டுக்கோதான் போக வேண்டும். ஊரில் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ரயில் பிரியர் மட்டும் சேலத்துக்காரர்களோடு அவ்வளவாகப் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

ரயில் பிரியர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர் அல்லர். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ரயில் மேல் இவ்வளவு பிரியம் இருக்காது. தேங்காய் வியாபாரியாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம். கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் இவரை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். தூரத்தில் ஹார்ன் கேட்டால் பொங்கலை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். “வைகை. நாலு நிமிஷம் லேட்” என்பார். அது 1977 ஆகஸ்ட் 15-இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வண்டி என்பதைப் பக்கத்து இலைக்காரர் கேட்காமலே தெரிந்துகொள்வார்.

இப்படிப்பட்டவர் சின்னாளபட்டிக்குப் பெண் பார்க்கப் போனார். அங்கே அவர் கேட்டது ஒரே கேள்வி: “இங்கிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?” மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை கிடைக்கப்போகிறது போலிருக்கிறது என்று பெண் வீட்டார் மகிழ்ந்து தட்டை மாற்றிவிட்டார்கள்.

வீட்டிலிருந்து பார்த்தாலே கொடைக்கானல் மலை தெரியும். ஆனாலும் தேனிலவு ஊட்டியில்தான். கொடைக்கானலுக்கு ரயில் கிடையாதே! மேட்டுப்பாளையத்தில் ஏறி உட்கார்ந்ததும், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் எப்படித் தண்டவாளத்துப் பல்லைக் கவ்வுகிறது, ஏறும்போது இன்ஜின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று விளக்க ஆரம்பித்தவர், ஊட்டியில்தான் மூச்சு விட்டார். தேனிலவு ஆல்பத்தில் இன்ஜின் முழு உருவத்தில் இருக்கிறது. புதுப்பெண்ணுக்கு ஒரு தோளும் பாதி ஜடையும் கிடைத்தன.

ஊர் திரும்பியதும் மாடி அறையில் ‘ஆத்தூர் ஜங்ஷன்’ என்ற மாதிரி ரயில் நிலையம் எழும்பியது. எச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. இந்த அளவில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஒன்று ஒரு சாணைவிடச் சற்றே நீளம். 24 பெட்டிகளைக் கோத்து இன்ஜினையும் மாட்டினால் 20 அடிக்கு மேல் வருகிறது. அறையோ 12 அடி. இன்ஜின் ஜன்னலைத் தொட்டாலும் கார்டு படிக்கட்டில்தான் நிற்பார். கடைசியில் ஏழு பெட்டிக்கு இறங்கி வந்தார். “சீசன் இல்லாத நாள்னு வெச்சுக்க” என்று மனைவிக்குச் சமாதானம் வேறு. அந்த அம்மாள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“இது என் ஹாபி இல்லை, நம்ம ஹாபி” என்று சொல்லிப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். ஓட்டுவது, நிறுத்துவது, விசில் கொடுப்பது இவர். தண்டவாளம் துடைப்பது, தெர்மக்கோல் மலைக்குப் பசை காய்ச்சுவது, தரையில் உருண்ட ஸ்குரூவைத் தேடுவது மனைவி. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. தூசி படிந்தால் வண்டி விக்கும். துடைப்பதற்குப் பழைய சுங்குடியை மிஞ்சிய துணி கிடையாது என்று கண்டுபிடித்தவர் இவர்தான். கண்டுபிடித்த அன்று அந்தச் சேலை அவ்வளவு பழையதாக இல்லை.

இவருக்கு ஒரு தீராத துயரம் உண்டு. நம்மூர் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ வெளிநாட்டு அளவுக்குச் செய்த 16.5. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, “மூணு மில்லிமீட்டர் குறையுதேம்மா” என்றார்.

“என் ரவிக்கை அரை இஞ்ச் இறுக்கமா இருந்தப்ப, அட்ஜஸ்ட் பண்ணிக்கன்னீங்க. படுங்க.”

அடுத்து இவர் கையில் எடுத்தது வால்ட் டிஸ்னியை. மிக்கி மவுஸ் டிஸ்னியேதான். 1950-இல் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி, ஆள் ஏறி உட்கார்ந்து போகிற குட்டி நீராவி ரயில் விட்டார். இன்ஜினுக்கு மனைவி லில்லியன் பெயரையொட்டி ‘லில்லி பெல்’ என்று பெயர். “உன் பேரையும் வைக்கிறேன்” என்று இவர் உருகினார்.

“கரி தின்னு புகை விடுறதுக்கா என் பேரு?”

கதையின் மறுபாதியை அம்மாள் தானாகவே தேடிப் படித்துவிட்டார். தோட்டத்தில் பாதை போட டிஸ்னி மனைவியிடமும் மகள்களிடமும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினாராம். லில்லியனின் பூச்செடிகளுக்குப் பங்கம் வராமல், அவற்றுக்கு அடியில் 90 அடிக்குச் சுரங்கம் வெட்டினாராம். “எங்க என் பத்திரம்?” என்ற கேள்விக்கு ஆத்தூர் ஜங்ஷனில் பதில் இல்லை.

அன்று முதல் இன்ஜின்கள் பீரோவுக்குப் போயின. பூட்டு திண்டுக்கல் பூட்டு, சாவி அம்மாள் இடுப்பில். முன்பெல்லாம் ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் தரும் டோக்கன் இரும்புக் குண்டு கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது அல்லவா, அதுபோல இங்கே சாவி. மளிகை வாங்கி வந்தால் டோக்கன். மாமியார் வீட்டு விசேஷத்தில் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் இன்னொரு டோக்கன்.

சாவி கையில் இருப்பவர் சும்மா இருப்பாரா? ஒரு நாள் மாடிக்கு வந்து நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். “ஸ்டேஷன் இருக்கு, சிக்னல் இருக்கு. சனம் எங்கங்க?” என்றார். இவர் அதை யோசித்ததே இல்லை. இவருக்குத் தெரிந்து பிளாட்பாரம் என்பது இன்ஜினைப் படம் பிடிக்கிற இடம்.

அம்மாளுடையவை சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள். களிமண்ணில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். மல்லிகைக் கூடையோடு நிலக்கோட்டைப் பூக்காரம்மா, கொய்யாப்பழக்காரர், பழனிக்குக் காவடி தூக்கிய பெரியவர், ரயிலைத் தவிர எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கும் ஒரு பையன். ஒவ்வொருவருக்கும் ஊர் உண்டு, உறவு உண்டு, போக வேண்டிய காரணமும் உண்டு. லேட்டை நிமிஷக் கணக்கில் பிடிக்கிறவர், “பூக்காரம்மா இன்னும் ஏறலைங்க” என்ற ஒரு சொல்லுக்கு வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறார்.

போன மாதம் அம்மாள் புது உத்தரவு போட்டார். காவடிக்காரர் எத்தனை நாள்தான் பிளாட்பாரத்திலேயே நிற்பார்? பழனிக்குக் கிளைப்பாதை வேண்டும். மலை வேண்டும், படிக்கட்டு வேண்டும், தடம் மாற்ற இரண்டு பாயிண்ட் வேண்டும். துணி மடிக்கும் மேஜையை இழுத்துப் போட்டாயிற்று. ரயில் பிரியர் வாழ்க்கையில் முதன்முறையாக, “அவ்வளவுக்குப் பணம் இல்லையேம்மா” என்றார்.

“சேலைக்கு எடுத்து வெச்சது இருக்கு. நீங்க வேலையைப் பாருங்க.”

பார்க்கிறார். பொறுப்புகளும் மாற்றி எழுதப்பட்டுவிட்டன. விசில் கொடுப்பது அம்மாள். தண்டவாளம் துடைப்பது இவர். துணி, இவருடைய புது வேட்டி.