எடை தாங்கும் ஃபைல்

கருத்தரங்கம் நடப்பதற்கு இரண்டு நாள் முன்பே சான்றிதழ்கள் அச்சாகி வந்துவிட்டன. அறுபது மாணவர்கள் முழுமையாகக் கலந்துகொண்டு பயன்பெற்றதாக அவை உறுதி கூறின. அந்த அறுபதில் ஒருவன் என் அக்கா மகன். சிவில் மூன்றாம் ஆண்டு. கருத்தரங்கம் நடந்த அன்று அவன் காய்ச்சலில் படுத்து, பேரணாம்பட்டு வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். குடித்தபடியே பயன்பெற்றுவிட்டான்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் போயிருந்தேன். கருத்தரங்க ஃபைலுக்குப் பெற்றோர் தரப்பில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று போன் வந்தது. மாமன் வந்தால் போதுமா என்றேன். "யார் வந்தாலும் பரவாயில்லை சார், கொஞ்சம் நல்ல சட்டை போட்டுக்கிட்டு வாங்க" என்றார்கள். இருபதடி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. தலைப்பு: நிலைத்த வளர்ச்சிக்கான திறன்மிகு நகரங்கள், தேசிய அளவிலான ஒருநாள் கருத்தரங்கம். தாளாளர், அவர் மகன், அவர் மருமகள், முதல்வர், துறைத்தலைவர், சிறப்பு விருந்தினர் என்று ஆறு முகங்கள். தேசிய அளவு எங்கே என்று தேடினேன். சித்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மாநில எல்லையைத் தாண்டியாயிற்று, தேசம் வந்துவிட்டது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். போட்டோ. சால்வை, போட்டோ. நினைவுப்பரிசு, போட்டோ. சாதாரண போட்டோ அல்ல, ஜியோடேக் போட்டோ. தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் படத்தின் அடியிலேயே விழும். இந்த நாட்டில் ஒரு கல்லூரியை யாரும் நம்பாமல் போய், விண்வெளியிலிருந்து செயற்கைக்கோள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் விளக்கு எரிந்தது என்றுதான் சொல்லும். யாருக்காவது ஏதாவது விளங்கியதா என்று சொல்லாது.

விருந்தினர் முப்பரிமாண அச்சில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினார். நல்ல விஷயம்தான், 2021-லேயே சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் கட்டிக் காட்டியும்விட்டார்கள். பின்வரிசையில் ஒரு பையன் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தான். தாங்கும் சுவர் என்றால் என்னவென்று அன்றைக்கு அந்த அரங்கில் செயல்முறை விளக்கம் நடந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

பிறகு சமோசா. பிறகு கருத்துப்படிவம். "மிக நன்று" என்ற கட்டத்தில் ஏற்கெனவே பென்சிலில் சின்னப் புள்ளி வைத்திருந்தார்கள், தடுமாறக் கூடாதல்லவா. கடைசியில் ஒரு அட்டவணை. இந்த நிகழ்ச்சி மாணவனிடம் எந்தெந்தத் திறனை எவ்வளவு வளர்த்தது என்று 1, 2, 3 போட வேண்டும். 3 தான் உச்சம். 'பொறியாளரும் சமூகமும்' என்ற கட்டத்துக்கு 3 விழுந்திருந்தது. சமூகத்தின் சார்பில் அங்கே வந்திருந்தவன் நான் ஒருத்தன். நானும் சமோசா தின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஜியோடேக் படத்தின் அடியில் அட்சரேகை 12 டிகிரி சொச்சம், தீர்க்கரேகை 78 டிகிரி சொச்சம் என்று இருந்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் சில இலக்கங்களை மட்டும் மாற்றினால் எங்கள் ஊர் வந்துவிடும். 2021 நவம்பர் 19-ஆம் தேதி, விடாத மழையில், மாற்றிய அந்த எண்கள் குறிக்கும் எங்கள் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்தது. 9 பேர் செத்தார்கள். அதில் 4 குழந்தைகள். மழைக்குப் பயந்து ஒண்டியிருந்த இடமே அவர்கள்மேல் விழுந்தது. பாலாற்றில் அப்படியொரு வெள்ளத்தை எங்கள் தலைமுறை அதற்குமுன் பார்த்ததில்லை.

பத்தே நாள் கழித்து, 29-ஆம் தேதி விடியற்காலை நாலேகாலுக்கு, வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலநடுக்கம். டிசம்பரிலும் பேரணாம்பட்டைச் சுற்றிய கிராமங்களில் தரை உறுமியது. கூரைக்குக் கீழே படுக்கப் பயந்து சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். மழையில் ஊறிய சுவர், அதன் கீழே ஆடுகிற நிலம். ஒரு சிவில் துறைக்கு இதைவிடப் பெரிய பரிசோதனைக்கூடத்தை எந்த அரசாங்கம் கட்டித்தர முடியும்?

துறையின் பழைய ஆண்டறிக்கையை மருமகன் கொண்டுவந்து காட்டினான். அந்தப் பருவத்தில் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. இணையவழி வினாடி வினா நடத்தியிருக்கிறார்கள். தலைப்பு, பேரிடர் மேலாண்மை. நாற்பது மதிப்பெண் எடுத்தால் மின்சான்றிதழ். பல மாநிலங்களிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேர் பங்கேற்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் ஒருவரும் எங்கள் தெருப்பக்கம் வந்து ஒரு சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. தட்டிப் பார்க்கக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. ரீபவுண்ட் ஹேமர் என்று ஒன்று. கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால், உள்ளே ஸ்பிரிங் விசையில் மோதும் எடை எவ்வளவு திரும்பத் துள்ளுகிறது என்பதை வைத்து அதன் கடினத்தைச் சொல்லும். கண்ணாடி அலமாரியில், வெல்வெட் பெட்டியில், கல்யாண நகைபோல இருக்கிறதாம். கல்லூரியின் தரம் பார்க்கும் ஆய்வுக்குழு வரும்போது வெளியே வரும். மற்ற நாளில் சாவி லேப் அசிஸ்டென்டிடம். லேப் அசிஸ்டென்ட் அட்மிஷன் வேலையாகத் திருப்பத்தூரில்.

எங்கள் தெருவில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். ஏழாவதோடு நின்றவர். அந்த மழைக்குப் பிறகு என் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டு அவரைத்தான் கூப்பிட்டேன். அவர் முதலில் டார்ச் அடித்து விரிசலுக்குள் பார்த்தார். "உள்ள அழுக்கேறி, பூச்சி கூடு கட்டியிருந்தா பழசுண்ணா. செங்கல் நிறம் செவசெவன்னு இருந்தா புதுசு. இது புதுசு." படிக்கட்டு மாதிரி கல் இணைப்பு வழியாகவே ஏறியிருக்கிறதே என்றேன். "அப்போ மூலையில அஸ்திவாரம் எறங்குது." பிறகு ஒரு துண்டுக் கண்ணாடியை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்ட் கலவையில் ஒட்டி, ஆணியால் தேதி கீறினார். "கண்ணாடி ஒடஞ்சா செவுரு நடக்குதுன்னு அர்த்தம். செவுரு வயிறு தள்ளுச்சுன்னா அந்த ரூம்ல படுக்காதீங்க, அவ்ளோதான்." இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் கண்கள் விரிந்தன. 'கட்டமைப்புகளின் ஆரோக்கியக் கண்காணிப்பு' என்று முப்பது மணிநேர மதிப்புக்கூட்டுப் படிப்பில் அவன் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். எத்தனை மணிநேரம் நடந்தது என்று கேட்டேன். "தொடக்க விழா ஒன்றரை மணிநேரம் மாமா. நிறைவு விழா ரெண்டு மணிநேரம்." நடுவில்? "பிபிடி அனுப்பினாங்க."

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பல மண்சாந்தில் எழுப்பியவை. காய்ந்திருக்கும்வரை அந்தச் சாந்து எடையைத் தாங்கும். ஊறினால் களியாகிவிடும். அதன்மேல் கல்ஃபில் சம்பாதித்த மகனின் பணத்தில் ஒரு கான்கிரீட் மாடி ஏறும். கீழ்ச்சுவரை யாரும் கேட்பதில்லை. எத்தனை வீடு அப்படி நிற்கிறது என்று மூன்றாமாண்டு மாணவர்கள் அறுபது பேரை ஒரு வாரம் தெருத்தெருவாக அனுப்பினால் கணக்கு கையில் இருக்கும். அனுப்ப மாட்டார்கள். நோட்டும் பேனாவும் போதும் என்கிற வேலைக்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

ராணிப்பேட்டை சிப்காட்டை மறந்துவிட்டோமா? 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டியில் தேங்கிய திரவத்தின் உயரம் இரண்டு மடங்கானால் அது சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரை அடியோடு சாய்க்கப் பார்க்கும் திருப்புதிறன் எட்டு மடங்கு. சேறு தண்ணீரைவிடக் கனம் என்பதால் இன்னும் கூடும். இரண்டாமாண்டுப் பாடம் இது, பத்து மதிப்பெண் கேள்வி. எழுதியவர்கள் எல்லாரும் பாஸ். சுவர் மட்டும் ஃபெயில்.

எங்கள் ஊரிலேயே அப்படியொரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. காற்று திரும்பினால் மூக்கே வழி சொல்லும். ஆனால் தொழிற்சாலைப் பார்வை என்றால் பஸ் கொச்சிக்குத்தான் போகும். துறைமுகத்தின் வாசலில் ஒரு ஜியோடேக் போட்டோ, மீதி மூன்று நாள் படகு, நீச்சல்குளம். பாலாற்றுத் தோல்கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டக்கல்லூரிகள் படிக்கின்றன. மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பாலாற்றங்கரையில் சிவில் படிக்கிற பிள்ளை இதை எங்கே கேட்டான் என்று நினைக்கிறீர்கள்? பிரியாணிக் கடையில், என்னிடம்.

செப்டம்பர் 15 வந்தால் பொறியாளர் தினம். விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை, கோலப்போட்டி, ஐஸ்கிரீம் குச்சியில் பாலம். 1908-இல் ஹைதராபாத்தை மூசி நதி அடித்துக்கொண்டு போன பிறகு அந்த மனிதர் செய்தது கோலப்போட்டி இல்லை. வெள்ளம் எங்கிருந்து, எவ்வளவு வந்தது என்று கணக்குப் போட்டு, மேலே நீர்த்தேக்கம் கட்டச் சொன்னார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அப்படி வந்தவை. அந்த 2021 மழையில் எங்கள் மலட்டாற்றில் வெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறியது என்பதற்கு ஒரு வீட்டுச் சுவரில் சேற்றுக்கறை ரொம்ப நாள் இருந்தது. அளந்து வைக்க யாரும் வரவில்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

இதில் ஆசிரியர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கள் சொந்தம். அவள் வாங்கும் சம்பளத்தைச் சொன்னால் மேஸ்திரி சிரிப்பார். பகலில் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போகிறாள், ராத்திரியில் அறிக்கை தட்டுகிறாள். ஐந்து நாள் இணையவழிப் பயிற்சியில் வீடியோவை அணைத்துவிட்டுக் குழம்பு தாளித்தாளாம். கடைசி நாள் ஒரு படிவத்தை நிரப்பியதும் 'மிகச் சிறப்பாகப் பங்கேற்றார்' என்று சான்றிதழ் வந்து விழுந்தது. "குழம்பும் நல்லா வந்துச்சுண்ணா" என்றாள்.

அவள் ஒரே ஒரு கல்லூரியில்தான் இருக்கிறாள், அதுவே பெரிய நேர்மை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியல் போட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற 224 கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பேராசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்களாம். ஒரே ஆள் பதினொரு கல்லூரிகளில்கூட. நாம் ஒரு தூண் ஒரு கூரையைத் தாங்கினாலே போதும் என்கிறோம். இவர்கள் ஒரே தூணைப் பதினொரு கட்டடத்துக்குக் காட்டுகிறார்கள். அதையும் ஆய்வுக்குழு வந்து பார்த்து, காபி குடித்து, தலையாட்டிப் போயிருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தரம் பார்க்கப் போன, நாக் எனும் தேசியத் தரமதிப்பீட்டு அமைப்பின் குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. தரத்துக்கு ஒரு விலை இருக்கும் என்பது தோல் வியாபாரம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா? ஒரே வித்தியாசம், தோலைத் தொட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

துறைத்தலைவர் அறையில் ஓர் இரும்பு அலமாரி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு ஃபைல்: அழைப்பிதழ், அனுமதிக் கடிதம், வருகைப்பதிவு, படங்கள், கருத்துப்படிவச் சுருக்கம், விளைவு அட்டவணை. தட்டுகள் நடுவில் தொய்ந்து வில்லாக வளைந்திருந்தன. தட்டு தொங்குகிறதே சார் என்றேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமாம் சார், புது அலமாரிக்குக் கொட்டேஷன் போட்டிருக்கோம்." வளைவை அவர் பார்க்கவேயில்லை. பிறகு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நானும் போட்டுக்கொடுத்தேன். 'மிக நன்று' என்றுதான். பிள்ளைக்கு இன்டெர்னல் மார்க் இருக்கிறதே.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. மலட்டாற்றுப் பக்கம் நடந்துபோனேன். பீடி சுற்றும் ஒரு பாட்டியின் வீட்டு ஓடு சரிந்து, அதன்மேல் ஒரு பெரிய ஃபிளெக்ஸைத் தலைகீழாகப் போர்த்தி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். தாளாளரும் மகனும் மருமகளும் தலைகீழாகச் சிரித்தார்கள். சிறப்பு விருந்தினரின் நெற்றியில் ஒரு செங்கல். 'திறன்மிகு நகரங்கள்' என்ற எழுத்துவழியே தண்ணீர் வழிந்து வெளியே போயிற்று. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

என் மருமகன் அந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்று பாட்டிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"தம்பி, அடுத்த பங்ஷன் எப்போ?" என்றார். "அடுப்பாங்கரைப் பக்கம் இன்னொன்னு வேணும்."