மலைநாட்டுக் கடற்படைத் தளபதி

நாவிதன்வெளிப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்தால், பாதித் தாள் தலைமை வகிப்பவரின் பட்டங்களுக்கே போய்விடும். தேசகீர்த்தி, சாமஸ்ரீ, கலாபூஷணம், அகில இலங்கைச் சமாதான நீதவான். இவ்வளவும் முடிந்து ஆளின் பெயர் வரும்போது இடம் போதாமல் எழுத்து நுளம்பளவுக்குச் சிறுத்திருக்கும். கூட்டம் எத்தனை மணிக்கு என்று போட மறந்துவிடுவார்கள். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் மாதமென்றால் பட்டம், பொன்னாடை, பிரமுகர் மூன்றும் கல்முனைக் கரையிலேயே நின்றுவிடும்.

இது நேற்றுப் பிடித்த வியாதியல்ல. நானூறு வருடங்களுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரருக்கு இது முற்றிப்போய், ஒரு ஐரோப்பிய அரசனின் கப்பற்படையையே இழுத்துக்கொண்டு வந்த கதை உண்டு. ஆளின் பெயர் மார்செலஸ் டி பொஷௌவர். ஒல்லாந்தர் கம்பனியில் இளநிலை வியாபாரி. நம் கணக்கில் சொன்னால் பேரேடும் தராசும் பார்க்கிற குமாஸ்தாவுக்கு ஒரு படி மேல்.

அவருக்கு முன்னால் வந்தவரின் கதை தெரியாவிட்டால் இவர் செய்தது விளங்காது. 1603இல் செபால்ட் டி வீர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பில் வந்திறங்கினார். கல்முனையும் நாவிதன்வெளியும் அன்று அந்த மட்டக்களப்புக்குள்தான். அம்பாறை மாவட்டம் பிறக்க இன்னும் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் கிடந்தது. வந்தவர்கள் முதல் வேலையாக ஊர் மாடுகளைப் பிடித்து அறுத்தார்கள். மாட்டிறைச்சிக்கு நாங்கள் ஒன்றும் எதிரிகள் இல்லை. என்றாலும் விருந்தாளியாக வந்த இடத்தில் அடுத்தவன் மாட்டை அறுக்கலாம் என்று எந்த மார்க்கத்திலும் இல்லை. பிறகு கண்டியின் விமலதர்மசூரிய மன்னரோடு ஒரு பேச்சுவார்த்தை. அரசி தனியாக இருக்கிறார், நான் திரும்ப வேண்டும் என்று மன்னர் சொல்ல, நிறைபோதையில் இருந்த தளபதி அரசியைப் பற்றி ஒரு கெட்ட பகிடி விட்டார். அந்தப் பகிடிக்கு அவரே சிரித்து முடித்திருப்பாரோ தெரியாது, அதற்குள் வெட்டிவிட்டார்கள். கூட வந்தவர்களில் ஐம்பது பேரளவில் சரி. கப்பலில் மிஞ்சியவர்களுக்கு மன்னர் அனுப்பிய கடிதம் ஒரு தந்திக்குப் போதுமானது: குடிகாரர் நல்லவரல்லர், சமாதானமென்றால் சமாதானம், சண்டையென்றால் சண்டை.

இப்படி ஒரு முன்னோடி இருந்த தொழிலுக்குத்தான் 1612இல் பொஷௌவர் கண்டிக்கு வந்தார். அப்போது அரியணையில் செனரத் மன்னர். முன்பு பிக்குவாக இருந்தவர், பிறகு அதே அரசியை மணந்து அரசரானவர். எப்போது பொறுக்க வேண்டும், எப்போது பேசாமலிருக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த மனிதர். உடன்படிக்கை எழுதியாயிற்று. கறுவா வியாபாரம் ஒல்லாந்தருக்கு, கொட்டியாரத்தில் கோட்டை கட்ட அனுமதி, பதிலுக்குப் போர்த்துக்கேயரை அடிக்க உதவி. கொட்டியாரக் கோட்டை அதே வருடம் போர்த்துக்கேயர் கையால் மண்ணாயிற்று. உள்ளே இருந்தவர்களும் போனார்கள்.

கோட்டை போன பின் பொஷௌவரும் வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தார். மன்னர் விடவில்லை. கையில் மிஞ்சிய ஒரே ஒல்லாந்தர், அவரையும் அனுப்பிவிட்டால் கம்பனி தன்னை மறந்துவிடும் என்ற பயம். ஆளை நிறுத்தக் காசு கொடுக்கலாம், ஆனால் போரில் கஜானா காலி. பட்டத்துக்குச் செலவில்லையே! மிகோமுவ இளவரசர் என்றார். தங்கச் சூரிய விருது என்றார். யுத்த சபைத் தலைவர் என்றார். கடைசியில், ஒரு மூச்சிழுத்து, கடற்படைத் தளபதி என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கண்டி மலைக்கு நடுவில் இருக்கிற ஊர். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்த ஏரிகூட 1807இல்தான் உண்டானது. படகு ஓட்ட ஒரு குளம் இல்லாத தலைநகரில் ஒருவர் கடற்படைத் தளபதி! சமாதானம் இல்லாத ஊரில் சமாதான நீதவான் இருக்கலாமென்றால் இதுவும் இருக்கலாம்தான்.

1615இல் மன்னர் அவரை உதவி கேட்டுவர அனுப்பினார். நம் ஊர்த் தம்பிமார் கட்டாரில் லொறி ஓட்டுவார்கள், லீவில் வந்திறங்கும்போது மனேஜர். பொஷௌவர் அதைத் திருப்பிப் போட்டவர்: வெளிநாட்டில் இளவரசர், ஊருக்குப் போனால் குமாஸ்தா. ஒல்லாந்தில் இறங்கியதும் கம்பனிக்காரர் தன்னை இளவரசருக்குரிய மரியாதையோடு வரவேற்க வேண்டும் என்று நின்றார். அவர்களோ நேற்றுவரை இவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள். எஜமானுக்கு முன் ஏட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவன் இன்றைக்கு நாற்காலி கேட்கிறானே என்று அவர்களுக்குக் கொதித்தது. பேச்சு முறிந்தது. கறுவாவும் மன்னரும் போர்த்துக்கேயரும் எல்லாம் மறந்து, பிரச்சினை நாற்காலியில் வந்து நின்றது.

கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை அடுத்த ஊரில் பெண் பார்ப்பதுபோல் பொஷௌவர் டென்மார்க்குக்குப் போனார். அங்கே நாலாம் கிறிஸ்தியன் மன்னருக்கும் கிழக்கில் ஒரு வியாபாரம் வேண்டுமென்று ஆசை. 1616இல் கம்பனி தொடங்கிவிட்டார், ஆனால் போக ஒரு துறைமுகம் கிடையாது. இளவரசர் என்றால் இளவரசர்தான், அவர் கேட்ட மரியாதையெல்லாம் கிடைத்தது. இவரும் இலங்கையின் கறுவாவை, கரையை, மன்னர் தரப்போகும் செலவுக்காசை எல்லாம் தாராளமாக எழுதிக்கொடுத்தார். அடுத்தவன் காணிக்கு உறுதி முடிக்கும்போது கை கூசாது.

1618 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. தலைவர் ஓவே யெட்டே. இவர் நிஜமான பிரபு குலம், பொஷௌவரைப்போல் வழியில் பொறுக்கிய பட்டமல்ல. வயது 24கூட நிறையவில்லை, கிழக்கைக் கண்ணால் கண்டதுமில்லை. ஒன்றரை வருடக் கடல். மாலுமிகளில் பாதிக்கு மேல் வழியிலேயே மாண்டார்கள். அந்தக் கணக்கில் ஒருவர் மிகோமுவ இளவரசர். கடற்படைத் தளபதிக்குக் கடைசியில் கடல் கிடைத்தது.

1620 மே மாதம் யெட்டே திருகோணமலைப் பக்கம் வந்து, தாள்களை விரித்து, மன்னரைத் தேடிப் போனார். செனரத் மன்னரோ 1617இலேயே போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தார். உதவி கேட்டுவரத்தான் ஆளை அனுப்பினேன், இதெல்லாம் எழுதிக்கொடுக்கச் சொல்லவில்லை என்பதுதான் அவர் நிலைப்பாடு. எழுதிக்கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் அவர் கடலோடு போய்விட்டார். யெட்டேக்குத் திருகோணமலையில் கொஞ்ச இடம் தர ஒரு தாள் எழுதப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை.

வெறுங்கையோடு போக வெட்கமாயிருக்காதா? அதிர்ஷ்டம் வேறொரு கப்பலில் இருந்தது. யெட்டேக்கு முன்னால் டேனிஷ் கம்பனி அனுப்பிய ரோலண்ட் கிராப்பேயின் கப்பலைக் காரைக்காலுக்கருகே போர்த்துக்கேயர் மூழ்கடித்தார்கள். தப்பிய கிராப்பே தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த வழியில் 1620 நவம்பரில் தரங்கம்பாடி டேனிஷ்காரருக்குக் கிடைத்தது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் தமிழில் கடிதம் அனுப்பினார். இலங்கையைத் தேடி வந்தவர்கள் தரங்கம்பாடியில் 1845 வரை இருந்தார்கள். அங்கேதான் பிறகு சீகன்பால்க் பாதிரியார் அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். நம் அழைப்பிதழ்களில் சாமஸ்ரீயும் தேசகீர்த்தியும் அச்சாவதற்கு அந்தக் கடலில் செத்த இளவரசருக்கும் ஒரு பங்கு நன்றி சேர வேண்டும்.

செனரத் மன்னரை எனக்குப் பிடிக்கும், அதற்குக் காரணம் வேறு. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினார்கள். மன்னர் அவர்களை ஏற்று, பெரும் பகுதியினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். நாலாயிரம் பேர் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். எங்கள் மூத்தவாப்பாமாரில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் நடந்து வந்தார்களோ. அவர்களில் ஒருவரையும் மன்னர் இளவரசராக்கவில்லை, தங்கச் சூரியன் குத்திவிடவில்லை. வயலும் களப்பும் இருக்கிற பக்கத்தைக் காட்டி, இருங்கள் என்றார்.

தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையை முடித்தபோது காக்கா ஒருவர் கேட்டார்: "அப்ப அந்த மனுசன்ட தளபதிப் பதவி இப்ப காலியாத்தானே தம்பி கிடக்கு?"

அடுத்த அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.