கொம்பாக்ட் கமராவுக்கு ஹூட் தகுமா? முள்ளியவளையை முன்வைத்து ஒரு விசாரணை

சட்டைப் பைக்குள் அடங்கும் கமராவின் மூக்கில் ஹூட் மாட்டலாமா என்பது சாத்திரங்களில் இன்னும் தீராத வழக்கு. ஆகவே சித்தாந்திகள் வழியே நின்று முதலில் பரபக்கமாகிய எதிர்க்கட்சியை மறுத்து, பிறகு சுபக்கமாகிய எம் கட்சியை நிறுவுவோம். ஆய்வுக்களம் முள்ளியவளை. வட அகலாங்கு 9 பாகைக்குச் சற்று மேலே கிடக்கும் இவ்வூரின் நேர் உச்சிக்குச் சூரியன் வருவது ஏறக்குறைய சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி. வெயில் விசாரணைக்கு வேறு தகுதி வேண்டாம்.

ஹூட்வாதிகள் சொல்வது இது: படத்துக்கு வெளியே நிற்கும் சூரியனின் ஒளி சரிவாக வில்லையில் விழுந்து, கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே தெறித்துத் திரிந்து, படத்தை வெளிறச் செய்கிறது. பொய்யில்லை. பூச்சில்லாத கண்ணாடி, பரப்பொன்றுக்கு ஏறத்தாழ 4 வீத ஒளியைத் திருப்பிவிடும்; 1902இல் வந்த டெசார் வில்லையில் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. ஆனால் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் தெறிப்பைக் குறைக்கும் பூச்சை உருவாக்கியபோதே இக்கட்சிக்குப் பாதிப் பலம் போய்விட்டது.

மீதிப் பலத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளும். கொம்பாக்ட்டுகளில் பல 28 மில்லிமீற்றரில் தொடங்குபவை. அதன் பார்வை மூலைக்கு மூலை 75 பாகை, மேலிருந்து கீழே 46 பாகை. வட்ட ஹூட் படத்தின் மூலையை விழுங்காதிருக்க 75 பாகைக்கும் வாய் விரிக்க வேண்டும். இனி, ஒரு பங்குனிக் காலையில் வற்றாப்பளை அம்மன் கோயிலடியில் நின்று கிழக்கே நந்திக்கடலைப் பார்த்துக் கமராவை மட்டமாகப் பிடியுங்கள். சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை ஏறும். முதல் ஒன்றரை மணித்தியாலம் அது படத்துக்குள்ளேயே நிற்கும். உள்ளே நிற்பதை ஹூட் எப்படி மறைக்கும்? அடுத்த ஒரு மணித்தியாலம் படத்தைவிட்டுப் போயும் ஹூட்டின் வாய்க்குள் நிற்கும். ஹூட் வேலைக்கு வரும்போது எட்டரை தாண்டியிருக்கும். படம் பிடிக்க வந்தவர் அப்போது மரநிழலில். செவ்வக ஹூட் இதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் சூம் பண்ணியதும் அதுவும் கட்டையாகிப் போகும்.

பல கொம்பாக்ட்டுகளில் ஹூட் பூட்டப் புரியே கிடையாது. விலைகூடிய ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100க்கே ஹூட்டும் வளையமும் தனியாக வாங்கவேண்டியிருந்தது. வாங்கிப் பூட்டினால் கமரா பைக்குள் போகாது. பைக்குள் போகாதது என்ன கொம்பாக்ட்?

வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் எரியும் விளக்கு அதிசயந்தான். ஆனால் படத்துக்குள் நிற்கும் சுடருக்கு ஹூட் ஒன்றும் செய்யாது. இரவில் பிளாஷ் அடித்தாலோ, நீண்ட ஹூட்டின் நிழல் படத்தின் அடியில் பிறைபோலக் கறுப்பாய் விழும். ஒரு நன்மை உண்டு: சனநெரிசலில் அடுத்தவர் முழங்கையும் திருநீறும் கண்ணாடியில் படாது. அதற்குப் பெயர் வேலி, ஹூட் அல்ல.

ஹூட்டைத் தலைகீழாகப் பூட்டியபடி படமெடுக்கும் வெளிநாட்டு மருமக்களோடு எமக்கு வாதமில்லை. அவர்களுக்கு மாமிமாரே போதும்: “மூடியைக் கழட்டேல்லையோ தம்பி?”

இனிச் சுபக்கம்: கை. படலையில் நின்று, தெருவில் வருவது யாரென்று பார்க்கும் கிழவர் புருவத்துக்கு மேலே வைக்கிறாரே, அதே கை. கமராவின் முகத்தில் நிழல் விழும்வரை அதை நகர்த்தினால் போதும். காலை எட்டு மணிக்கும் வேலை செய்யும், சூமுக்கும் இசையும். பற்றரியே தடைப்பட்டியலில் இருந்த தொண்ணூறுகளின் வன்னியில்கூட இது தடைசெய்யப்படவில்லை. பழைய அல்பங்களைச் சான்றாகக் காட்டலாமென்றால், 2009 போரில் அவை போன இடம் ஊருக்கே தெரியும். வெளிநாட்டுக்கு முன்பே அனுப்பியவைதான் மிச்சம்.

மேல் மூலையில் விரல் விழும் என்பது எதிர்வாதிகளின் கடைசி ஆயுதம். விழட்டும். கலியாணவீட்டுப் படத்தில் அந்த விரலை வெட்டக்கூடாது என்பதே எம் முடிபு. “என்னை ஒரு படத்திலயும் எடுக்கேல்லை” என்று கோபித்துக்கொண்டு போகும் மாமன்மாரில் ஒருவராவது குறைவார்.