திருப்தியாளர்

அரச கந்தோரில் நீட்டப்படும் சேவைத் திருப்திப் படிவத்தில், அன்றைக்கு அங்கே நடந்தது எதுவானாலும், "மிகத் திருப்தி" என்ற கட்டத்துக்குள் புள்ளடி போடுபவர் திருப்தியாளர். யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் காணப்படுவார். சங்கானையிலும் உண்டு, கரவெட்டியிலும் உண்டு, மருதங்கேணியிலும் உண்டு. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருப்பதால் இவருக்கு வாழிடப் பற்றாக்குறை வந்ததேயில்லை.

வயது ஐம்பதுக்கு மேல். சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பை தொங்கும். அதற்குள் அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி எல்லாவற்றுக்கும் மும்மூன்று போட்டோப் பிரதிகள். கேட்பது இரண்டுதான். ஆனாலும் மூன்றாவதை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் பட்ட பாடு இவருக்குத் தெரியும். காலை எட்டரைக்கு வருவார். உரிய உத்தியோகத்தர் பீல்டுக்குப் போய்விட்டார் என்று அறிந்து வாங்கில் இருப்பார். பத்திரிகையின் மரண அறிவித்தல்களை ஒன்று விடாமல் வாசிப்பார். பன்னிரண்டரைக்கு "நாளைக்கு வாங்கோ ஐயா" என்ற சேவையைப் பெற்றுக்கொண்டு எழும்பும்போதுதான் அந்தப் படிவம் நீளும். நீட்டுபவர் பெரும்பாலும் இளம் அபிவிருத்தி உத்தியோகத்தர், பட்டதாரி.

"ஐயா, எங்கட சேவையைப் பற்றி இதை ஒருக்கா நிரப்பித் தாறியளே?"

"அதுக்கென்ன பிள்ளை. எதில புள்ளடி போடவேணும்?"

"அது உங்கட விருப்பம் ஐயா."

"நீங்களே பாத்துப் போட்டுவிடுங்கோ. நான் கண்ணாடி கொண்டரேல்லை."

கண்ணாடி சட்டைப் பைக்குள் இருக்கும். மரண அறிவித்தல்களை வாசித்தது அதைப் போட்டுக்கொண்டுதான்.

படிவத்திலுள்ள ஐந்து கட்டங்களுக்கு மூலவர் ரென்சிஸ் லிக்கேர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1932இல் அந்த அளவுகோலை வெளியிட்டார். மனிதருடைய மனப்பான்மை ஐந்து கட்டங்களிலும் பரந்து விழும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. குடாநாட்டில் நான்கு கட்டங்கள் அச்சகத்துக்கு மை செலவாக்கியதோடு சரி. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்ற கேள்விக்குத் திருப்தியாளர் "15 நிமிடத்துக்குள்" என்று பதில் தருவார். அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை. மேசைக்கு முன்னால் நின்ற நேரம் அதைவிடக் குறைவு. மிச்சமெல்லாம் வாங்கில் போனது, அதைப் பற்றிப் படிவம் கேட்கவில்லை.

படிவம் இந்த மண்ணில் முளைத்ததல்ல. 1991இல் பிரித்தானியப் பிரதமர் ஜோன் மேஜர் அரச சேவைக்கென ஒரு பிரஜைகள் பட்டயத்தை அறிமுகப்படுத்தினார். அந்த எண்ணம் பல நாடுகளைச் சுற்றி, 2008இல் பொது நிர்வாக அமைச்சின் சுற்றறிக்கையாக இலங்கைக் கந்தோர்களுக்கு வந்துசேர்ந்தது. எந்தச் சேவைக்கு என்ன ஆவணம், எத்தனை நாள் என்று வாசலில் பலகை தொங்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். பலகை வந்தால் அளவீடும் வரவேண்டும். உற்பத்தித்திறன் விருதுக்குப் போட்டியிடும் கந்தோர் என்றால் அளவீடு மும்முரமாகும். அலுமாரிக்கும் பெயர் ஒட்டப்படும்.

திருப்தியாளரைப் பயந்தாங்கொள்ளி என்று எண்ணுவது பிழை. அவர் கணக்குப் பார்ப்பவர். இன்றைக்குக் காணி அலுவல், நாளைக்கு உயிர்வாழ் சான்று, மறுநாள் வதிவிட அத்தாட்சி, எல்லாம் அதே கந்தோரில். அவருடைய மரணத்தைப் பதியவும் அங்கேதான் போகவேண்டும். அவரால் வர இயலாது, பிள்ளைகள் வருவார்கள். 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கி, பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீட்டோடு வரிசையில் நின்ற நாட்களில், "அதிருப்தி" என்று எழுதும் துணிச்சல் எவருக்கு வரும்? போர்க்காலத்தில் குடும்ப விபரப் படிவம் நிரப்பிப் பழகிய தலைமுறை வேறு. கடதாசியில் எழுதியது எங்கே போகும், எப்போது திரும்பி வரும் என்று யோசிக்காமல் அது பேனாவைத் திறப்பதில்லை. பெயர் எழுதத் தேவையில்லை என்ற சலுகையும் இங்கே செல்லாது. விதானைப் பதவி 1963இல் ஒழிந்து கிராம சேவகர் பதவி வந்தது; ஊர் இன்றைய கிராம அலுவலரையும் விதானையார் என்றே கூப்பிடுகிறது. விதானையாருக்குத் தன் பிரிவின் கையெழுத்துகள் எல்லாம் பாடம்.

இதை வைத்து யாழ்ப்பாணத்தாருக்குக் குறையே இல்லை என்று முடிவுகட்டினால் அவர்களே கோபிப்பார்கள். குறைக்கு வேறு வழி உண்டு. அதன் பெயர் பெட்டிசம். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய ஆங்கிலேய உத்தியோகத்தர் லெனார்ட் வூல்ஃபுக்கு அது நன்றாகத் தெரியும். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போகவேண்டும் என்று கட்டளையிட்டவர் அவர். இன்றைய எந்தப் பட்டயமும் அந்த வேகத்துக்குத் துணியாது. கிளாக்கர்மார் வெறுத்தார்கள், ஊரும் மெச்சவில்லை. ஊர்ப் பிரமுகர் ஒருவரின் முகத்தில் குதிரைச் சவுக்கால் அடித்தார் என்று தமிழர் சங்கம் தேசாதிபதிக்கே முறையிட்டது. தெருவை நோக்கி நீண்டிருந்த விறாந்தையைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதுதான் நடந்தது என்று வூல்ஃப் பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதிவைத்தார். அவரிடம் மட்டும் ஒரு திருப்திப் படிவம் இருந்திருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

பெட்டிசம் பிறப்பது பின்னேரம், மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும் வேளையில். மத்தியானம் புள்ளடி போட்ட அதே கை ஆறு பக்கம் எழுதும். பிரதிகள் அரசாங்க அதிபர், ஆளுநர், அமைச்சர், ஜனாதிபதி என்று போகும். ஒப்பம் இராது, "பாதிக்கப்பட்ட பொதுமக்கள்" என்றிருக்கும். அந்தப் பொதுமக்கள் ஒருவரே.

கந்தோருக்குள் கேட்கப்படும் கேள்விக்கும் வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கும் உள்ள தூரத்தை அளந்த ஊர் பெங்களூர். 1994இல் சாமுவேல் பால் முன்னின்று வெளியிட்ட குடிமக்கள் மதிப்பீட்டு அறிக்கைக்காகக் குடும்பங்களை வீட்டில் சந்தித்துக் கேட்டார்கள். அரச அமைப்புகள் பலவற்றில் திருப்தியென்றவர்கள் மிகச் சிலரே. கேட்டவர் கையில் ரப்பர் முத்திரை இல்லாததும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

குடாநாட்டில் "மிகவும் அதிருப்தி" என்ற கட்டத்துக்கு உண்மையில் வேலை கிடைப்பது நல்லூர்த் திருவிழாக் காலத்தில். 25 நாள் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள் அப்படியே காணி அலுவலும் பார்க்கக் கந்தோருக்கு வருவார்கள். ஸ்காபரோவில் இந்த வேலை பத்து நிமிடம் என்பார்கள், படிவத்தில் இடம் போதாதென்று மேலதிகத் தாள் கேட்பார்கள், பெயரும் தொலைபேசி இலக்கமும் தடித்த எழுத்தில் எழுதுவார்கள். கூட வந்த திருப்தியாளரான தமையனார், "தம்பி, நாளைக்கு இவையின்ர முகத்தில நான்தானே முழிக்கவேணும்" என்று காதுக்குள் சொல்லுவார். தம்பியின் கையில் திரும்பிப் போகும் விமானச் சீட்டு இருக்கும். அந்தக் காலாண்டு அறிக்கையில் திருப்தி சற்றுச் சரியும். அடுத்த காலாண்டில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.